கறிவேப்பிலைப் புழுவிலிருந்து பட்டுப்புழு வரை: சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சிற்றுயிர்களைக் காட்டும் முழுமையான வழிகாட்டி

வீட்டோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றால் போதும், மூன்று வயதுப் பிள்ளைக்கும் பூச்சிப் பாடம் தொடங்கிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அந்தச் செடிக்குப் பஞ்சமில்லை. வாடகை வீட்டு மாடியிலும் பழைய பெயின்ட் வாளியில் ஒன்று நிற்கும்.

மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். அடிப்படை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஓர் உயிர், அதையும் அதன் வாழ்வு முழுக்க. சுவரில் ஒட்டும் படத்தாளில் முப்பது பூச்சி இருக்கும். பிள்ளை முப்பது பெயரையும் ஒப்பிக்கும். அவற்றில் ஒன்று எப்படித் தின்கிறது, எப்போது தோல் உரிக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஒரே புழுவை ஒரு மாதம் பார்த்த பிள்ளையோ அடுத்த புழுவைத் தானே தேடிப் போகும். பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

தொடங்குமுன் பெரியவர்களுக்குள் ஓர் உடன்பாடு தேவை. பிள்ளை எதிரில் "சீ", "ஐயோ, அடிச்சுப் போடு" என்று கத்தக் கூடாது. பூச்சி பயம் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைக்குப் போகிறது. ஆயா, தாத்தா, வேலைக்கு வருபவர் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் வளர்த்த புழு ஒரு விளக்குமாற்று வீச்சில் போய்விடும்.

தேவையானவை

வாய் அகன்ற 2 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, பழைய கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட், சிறிய மருந்து பாட்டில் ஒன்று, பஞ்சு, மெல்லிய பெயின்ட் பிரஷ், நூல்கண்டு, கோடு போடாத நோட்டு. லென்ஸ் வாங்குவதானால் கைப்பிடி வைத்த பெரிய லென்ஸ் வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க ஐந்து வயதுப் பிள்ளைக்கு வராது; எரிச்சல்பட்டுத் தூக்கிப் போட்டுவிடும்.

காலம் முக்கியம். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே ஜூன் தொடங்கி நவம்பர் வரை கறிவேப்பிலை துளிர்விட்டுக்கொண்டே இருக்கும், பட்டாம்பூச்சியும் முட்டையிடும். ஏப்ரல், மே வெயிலில் தொடங்க வேண்டாம். இலை வாடுகிறது, கூட்டுப்புழு காய்கிறது.

முதல் பாடம்: கறிவேப்பிலைப் புழு

கறிவேப்பிலையில் பெரும்பாலும் இரண்டு வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும்: எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி. வளர்ந்த புழுவைப் பார்த்து எது எது என்று பிரிப்பது பெரியவர்களுக்கே கடினம். அது நல்லதுதான், எது வெளியே வரும் என்று வீடே பந்தயம் கட்டலாம்.

1. காலை வேளையில் பிள்ளையோடு செடியைப் பாருங்கள். இளந்துளிரில், கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. மூன்று நான்கு நாளில் பொரியும். முட்டை கிடைக்காவிட்டால் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் குட்டிப் புழுவைத் தேடுங்கள். பறவையை ஏமாற்றத்தான் அந்த வேடம். உங்கள் கண்ணும் முதலில் ஏமாறும்.

2. புழுவைக் கையால் பிடுங்காதீர்கள். அது இருக்கும் ஈர்க்கோடு வெட்டி எடுங்கள். மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஈர்க்கைச் செருகி, வாயைச் சுற்றிப் பஞ்சு அடையுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான்.

3. டப்பாவின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து, பாட்டிலை உள்ளே வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். மூடி போட வேண்டாம். காற்று போகாமல் வியர்த்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு டப்பாவுக்கு இரண்டு புழு போதும்.

4. தாளைத் தினமும் மாற்றுங்கள். அதில் கிடக்கும் கரும்பச்சை மணிகள் புழுவின் சாணம். பிள்ளை இதைப் பார்த்துச் சிரிக்கும்; சிரிக்கட்டும். முதல் வாரத்து மணியையும் மூன்றாம் வாரத்து மணியையும் பக்கத்தில் வைத்தால் புழு எவ்வளவு தின்கிறது என்பது புரிந்துவிடும்.

5. இரண்டு நாளுக்கு ஒருமுறை, புழுவைத் தொடாமல் அதன் பக்கத்தில் நூலைப் பிடித்து, அதன் நீளத்துக்கு வெட்டி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எண் தெரியாத பிள்ளைக்கும் இந்த நூல் வரிசை வளர்ச்சியைக் காட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டரில் தொடங்கும் புழு நான்கு சென்டிமீட்டர் தாண்டும்.

6. நடுவில் சில முறை புழு ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அது தோல் உரிக்கும் நேரம். நோய் என்று நினைத்து நகர்த்தினால் பிடி விட்டுப்போய்த் தோல் சரியாகக் கழலாது. நான்காவது முறை உரித்ததும் எச்ச வேடம் மறைந்து பச்சை நிறம் வரும். பிரஷால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டிக் காரமான வாடை விடும். எறும்பை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். ஒரு முறை காட்டினால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள்.

7. முட்டை பொரிந்த இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் வழக்கமான மணிக்குப் பதில் நீர்த்த கழிவு போட்டுவிட்டு, தின்னாமல் டப்பா முழுக்கச் சுற்றும். பல வீடுகளில் இதை வயிற்றுப்போக்கு என்று பயந்து புழுவைச் செடியில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கூட்டுப்புழு ஆக இடம் தேடுகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். குச்சியில் ஏறி, இடுப்பில் ஒரு பட்டு இழையைக் கட்டிக்கொண்டு தங்கும். மறுநாள் கூட்டுப்புழு.

8. இனிக் காத்திருப்பு. சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு நாள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் சில வாரங்கூட ஆகலாம், பொறுங்கள். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். காற்று மிகவும் காய்ந்திருந்தால் துணியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம்.

9. உறை கண்ணாடி போலாகி உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலை பிள்ளையைச் சீக்கிரம் எழுப்புங்கள். வெளியே வந்த பட்டாம்பூச்சி சொரசொரப்பான எதையாவது பிடித்துத் தொங்கியே சிறகை விரிக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வழுக்கி விழுந்தால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்காது. ஆகவே குச்சி கட்டாயம். அது விடும் செம்பழுப்பு நீரைப் பார்த்து "ரத்தம்" என்று பிள்ளை அழலாம். கூட்டுக்குள் சேர்ந்த கழிவு என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறகு இறுகியதும் துணியை அவிழ்த்துவிடுங்கள்.

கறுப்பில் மஞ்சள் திட்டுகளும் பின்சிறகில் சிவப்புப் பொட்டும், வால் இல்லாமலும் இருந்தால் எலுமிச்சை அழகி. வால் இருந்து, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் பொட்டு வரிசை ஓடினால் கறிவேப்பிலை அழகி.

எங்கே தவறும்

கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டால் புழு ஒரே இரவில் துவண்டு சாகலாம். அதில் பூச்சிமருந்து அடித்திருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. உங்கள் செடி, அல்லது மருந்தடிக்காத பக்கத்து வீட்டுச் செடி மட்டுமே. கொசுவத்தி, மின்சாரக் கொசுவிரட்டி, சாம்பிராணி எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஈர இலையும் கூடாது, துடைத்து வையுங்கள்.

கூட்டுப்புழுவில் ஊசி குத்தியது போலத் துளை விழுந்து குட்டிக் குளவிகள் வெளியே வரலாம். அல்லது வளர்ந்த புழுவின் உடலிலிருந்து ஈயின் புழு வெளியேறலாம். டப்பாவுக்கு வருமுன்பே செடியில் இருந்தபோது அந்தக் குளவியோ ஈயோ முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளை கேட்டால் மறைக்காதீர்கள். "இந்தப் புழு அந்தக் குளவிக் குஞ்சுக்குச் சோறு ஆயிருச்சு" என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளை இதைத் தாங்கும். "தூங்குது", "ஊருக்குப் போயிருச்சு" என்று சொன்னால்தான் பின்னால் குழப்பம். இது வேண்டாம் என்றால் முட்டையிலிருந்தே டப்பாவில் வளர்ப்பது ஓரளவு பாதுகாப்பு.

கால் எண்ணும் பாடம்

பூச்சி என்றால் ஆறு கால் என்று சொல்லிக்கொடுத்த மறுநாளே பிள்ளை கறிவேப்பிலைப் புழுவைக் காட்டி "இதுக்குப் பதினாறு இருக்கே" என்று கேட்கும். சரியான கேள்வி. லென்ஸில் காட்டுங்கள்: தலையை ஒட்டி, கணுவும் நகமும் வைத்த மூன்று இணை மட்டுமே உண்மையான கால். பின்னால் இருக்கும் ஐந்து இணை சதைப்பற்றான முட்டுகள். பட்டாம்பூச்சி ஆகும்போது அவை இருக்காது.

அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றி எண்ணலாம். எறும்பு, தட்டான், வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி ஆறு. சிலந்தி எட்டு. முதல் மழைக்குச் செம்மண்ணில் மேலே வரும் தம்பலப்பூச்சிக்கும் எட்டு. சிவப்பு வெல்வெட் போர்த்தியிருந்தாலும் அது பூச்சி இல்லை, சிலந்தியின் உறவு. அதைத் தீப்பெட்டியில் அடைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. உள்ளே காய்ந்து செத்துவிடும். உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

மரவட்டையையும் பூரானையும் பிரித்துக் காட்டுவதுதான் இதில் மிகவும் பயனுள்ள பகுதி. மரவட்டை உருண்டை உடல், மெதுவான நடை, பெரும்பாலான கணுக்களில் இரண்டு இணைக் கால். தொட்டால் சுருண்டுகொள்ளும், கடிக்காது. ஆனால் உடலிலிருந்து வரும் நீர் கையில் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூரான் தட்டை உடல், வேகமான ஓட்டம், கணுவுக்கு ஒரே இணை; கடிக்கும். மெதுவாகப் போவதைப் பார்க்கலாம், வேகமாக ஓடுவதை விட்டு விலகு என்று சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் போதும்.

தொடக் கூடாதவை

கல்லைப் புரட்டுவது பெரியவர் வேலை. பிள்ளை பின்னால் நிற்க வேண்டும். குச்சியால், கல்லின் தூரப் பக்கத்தைத் தூக்கி உங்களை நோக்கிப் புரட்டுங்கள். அடியில் இருப்பது ஓடினால் எதிர்ப்பக்கமாக ஓடும். பார்த்தபின் கல்லை மெல்லப் பழையபடி வையுங்கள், அது ஒரு வீட்டின் கூரை.

காரணம் தேள். இந்த வட்டாரத்துக் காய்ந்த கல்லாங்காட்டிலும், ஓட்டடுக்கிலும், விறகுக் கட்டிலும் செந்தேள் இருக்கும். கருந்தேள் உருவத்தில் பெரிது, பார்க்கப் பயமாக இருக்கும். ஆபத்து அதிகம் சின்னச் செந்தேளிடம்தான், அதுவும் சிறு பிள்ளைகளுக்கு. கொட்டினால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, மந்திரிக்கக் காத்திருக்கவோ கூடாது. உடனே 108 அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வலி குறைந்துவிட்டதே என்று திரும்பி வராதீர்கள். உடல் வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது ஆகியவை நஞ்சு இதயத்தைத் தாக்குவதன் அறிகுறி. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு செந்தேள் சாவுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் மருத்துவர் கையால், சீக்கிரம் கிடைத்தால்தான் அது வேலை செய்யும்.

தேளைப் பாதுகாப்பாகக் காட்ட ஒரு வழி உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் சுவரோரம் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். டார்ச்சைப் பிள்ளை கண்ணுக்கு நேரே திருப்ப வேண்டாம்.

முருங்கை மரத்தில் மழைக்காலத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்புழுவைத் தொட்டால் முடி தோலில் தைக்கும். தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். அவரைப் பூவிலும் துவரைப் பூவிலும் உட்காரும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டை நசுக்கினால் தோல் கொப்புளிக்கும். மாந்தோப்பில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை அண்ணாந்து பார்க்கலாம், மரத்தில் சாயக் கூடாது. இலையைத் தைக்கும் நூல் அதன் குட்டிப் புழுக்கள் விடும் பட்டு. பெரிய எறும்பு புழுவை வாயில் பிடித்துக்கொண்டு இலை விளிம்பில் மாறி மாறி ஒட்டும். கிருஷ்ணகிரி மாமரங்களில் இதைப் பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு, தவறவிடாதீர்கள்.

எறும்புக்கு வீட்டிலேயே ஒரு சோதனை: நான்கு பாட்டில் மூடியில் சர்க்கரை, வெல்லம், தேங்காய்த் துருவல், உப்பு வைத்து எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். எந்த மூடிக்குக் கூட்டம் சேர்கிறது என்று பிள்ளை படம் வரையட்டும். பிறகு வரிசையின் நடுவில் ஈரத்துணியால் ஒரு விரல் அகலம் துடைத்தால், வாசனைத் தடம் அறுந்து எறும்புகள் திகைத்து நிற்கும். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் இருக்கும் வீட்டில் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். அது பூச்சிமருந்து; சிலேட்டுக் குச்சி என்று நினைத்துப் பிள்ளை எடுத்துவிடும்.

குழியானை, மண்புழு

கோயில் தாழ்வாரத்திலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் மழை படாத பொடிமண்ணில் புனல் போன்ற குழிகள் இருக்கும். அடியில் குழியானை, சில ஊர்களில் குழிநரி. கரண்டியால் குழியோடு அள்ளி, சலித்த காய்ந்த மண்ணை ஐந்து சென்டிமீட்டர் நிரப்பிய டம்ளரில் விடுங்கள். டம்ளருக்கு ஒன்றுதான், இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று தின்னும். இரவில் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். மண் ஈரமாகவோ பரல் பெரிதாகவோ இருந்தால் குழி நிற்காது. அதையே ஒரு சோதனையாகச் செய்யலாம். இரண்டு நாளுக்கு ஓர் எறும்பு போதும். இது முழு வளர்ச்சி அடைய பல மாதங்கள், சமயத்தில் ஆண்டுக்கு மேலும் ஆகும். எனவே ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே இடத்தில் விடுங்கள். வளர்ந்தால் தட்டான் போலச் சிறகு வைத்த பூச்சியாகும் என்று சொன்னால் பிள்ளை நம்பாது, படத்தைக் காட்டுங்கள்.

மண்புழுவுக்குக் கண்ணாடி ஜாடி. செம்மண், ஆற்றுமணல், மட்கிய எரு என நான்கு நான்கு சென்டிமீட்டர் அடுக்கு, மேலே காய்ந்த இலை, பிழிந்த துணி அளவு ஈரம். ஐந்தாறு மண்புழு விட்டுக் கறுப்புத்தாள் சுற்றுங்கள். வாரம் ஒருமுறை தாளை அவிழ்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடுக்குகள் கலந்திருக்கும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் காற்று இல்லாமல் போய், புழு மேலே வந்து சாகும். காய்ந்தாலும் சாகும், ஏனென்றால் அது தோலால் மூச்சுவிடுகிறது. எலுமிச்சைத் தோல், உப்பு போட்ட சோறு இரண்டும் வேண்டாம்.

கொசுப்புழுவையும் காட்டலாம், தலைகீழாகத் தொங்கி வால் குழாயால் மூச்சுவிடுவதைப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். துணி கட்டிய டம்ளரில், மூன்று நாள் மட்டும். பிறகு காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும்.

பட்டுப்புழு

இந்த மாவட்டங்களுக்கே உரிய பாடம் இது. மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் உள்ள ஊர்கள் இங்கே ஏராளம், தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. தெரிந்த விவசாயியிடம் மூன்றாம் தோல் உரிப்பு முடிந்த புழு பத்து மட்டும் கேளுங்கள். முட்டையோ இளம்புழுவோ வேண்டாம். இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் விடாமல் வேண்டும், வீட்டில் அது நடக்காது.

ஒரு புழு வாழ்நாளில் 20 முதல் 25 கிராம் இலை தின்னும், அதில் பெரும்பங்கு கடைசிப் பருவத்து ஒரு வாரத்தில். பத்துப் புழுவுக்கு அந்த வாரம் கால் கிலோ இலை கையில் இருக்க வேண்டும். இலை கிடைக்கும் வழி உறுதியாகும்வரை புழுவை வாங்காதீர்கள், மல்பெரி தவிர வேறு எதுவும் கொடுக்க முடியாது. அட்டைப்பெட்டியில் தாள் விரித்து நாளுக்கு மூன்று வேளை இலை போடுங்கள். பழைய காம்பையும் கழிவையும் தினம் அகற்றுங்கள். மருந்தடித்த வயலோரத்து இலையும் புகையிலை தொட்ட கையும் ஆகாது. இரவில் அறை அமைதியாக இருக்கும்போது பிள்ளையின் காதைப் பெட்டியருகே வைக்கச் சொல்லுங்கள், இலை தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கும்.

புழு தின்பதை நிறுத்தி, உடல் மங்கிய கண்ணாடி நிறமாகி, தலையைத் தூக்கி ஆட்டினால் கூடு கட்டப்போகிறது. முட்டை அடுக்கும் அட்டைத்தட்டின் குழிக்கு ஒன்றாக விடுங்கள். இரண்டு மூன்று நாளில் கூடு முடியும். அப்போது தட்டை அசைத்தால் கூடு மெலிந்தும் கோணியும் போகும்.

இங்கே கேள்வி வரும்: பட்டு எடுத்தால் உள்ளே இருக்கும் புழு என்ன ஆகும்? ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழை இருக்கிறது. அந்துப்பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால் சூடாக்கி உள்ளேயே கொன்றுவிட்டு, வெந்நீரில் போட்டு நூலை எடுக்கிறார்கள். பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லுங்கள். பட்டு நெய்யும், புழு வளர்க்கும் குடும்பங்களின் பிழைப்பு இது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவைப் பிள்ளை தானே யோசிக்கட்டும்.

உங்கள் பத்துக் கூட்டையும் வெட்டாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி வரும். பறக்காது, எதையும் தின்னாது, சில நாளில் இறந்துவிடும். பெண்பூச்சி ஒன்று 400 முட்டைக்கு மேல் இடும். அவ்வளவு புழுவுக்கு உங்களிடம் இலை இருக்காது. பரிசோதிக்காத முட்டையை எந்த விவசாயிக்கும் கொடுக்கவும் கூடாது, முட்டை வழியே பரவும் நோய் ஒரு மனையையே அழித்துவிடும். பிள்ளை லென்ஸில் பார்த்து முடித்ததும் முட்டை ஒட்டிய தாளை எரித்துவிடுங்கள். மீந்த புழுவையும் திருப்பிக் கொண்டுபோய் மனையில் விடாதீர்கள், வெறுங்கூட்டை மட்டும் நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.